யாருக்கும் சொந்தமில்லாத ஒரு முழம்

அண்ணியின் படிப்புக்கு என்ன பெயர் என்று யாராவது கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வோம். "சிக்கலான தொழில்நுட்ப அமைப்புகளின் மேலாண்மை, முதுநிலைப் பட்டம்" என்று அண்ணி மூச்சு விடாமல் சொல்வாள். "பெரிய பெரிய மெஷினெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடாம பார்த்துக்கிற படிப்பு" என்பான் அண்ணன். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். என்னை யாரும் கேட்பதும் இல்லை.

அண்ணிக்கு விமான நிலையத்தில் வேலை என்றதும் எல்லோரும் ஆகாயத்தைப் பார்ப்பார்கள். அவள் வேலை செய்வது தரைக்குக் கீழே, ஜன்னலே இல்லாத ஓர் அறையில். பயணிகள் மேலே கவுன்டரில் கொடுக்கும் பெட்டிகள் ரப்பர் பட்டைகளில் ஏறி, வளைந்து, இறங்கி, சோதனை எந்திரத்துக்குள் புகுந்து வெளியே வந்து, அந்தந்த விமானத்துக்கு எனப் பிரிந்து போகும்வரை அவற்றைத் திரையில் கவனித்துக்கொண்டிருப்பது அவள் பொறுப்பு. ஓடுகிற பட்டை பச்சைக் கோடாகத் தெரியும். நின்றுபோனால் சிவப்பு. அங்கே அவளைப் 'பெல்ட் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்களாம். அதைக் கேட்ட நாளிலிருந்து அண்ணனுக்குக் கொண்டாட்டம். அவள் முகம் கொஞ்சம் கடுத்தால் போதும், "பெல்ட் அக்கா, பெல்ட்டைக் கழட்டிடாதீங்க" என்று இரண்டு கைகளாலும் முதுகை மறைத்துக்கொள்வான்.

அண்ணன் பேக்கரியில் அடுப்பு பார்க்கிறவன். ஊர் விழிப்பதற்கு முன் போனால் மதியம்தான் வருவான், புருவத்திலெல்லாம் மாவு ஒட்டியிருக்கும். அவன் சாப்பிட உட்காரும் நேரமும் அண்ணி வேலைக்குக் கிளம்பும் நேரமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும். மதியம் ஒரு தூக்கம் தூங்கி, மாலையில் எழுந்து, பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்தில் மறுபடி படுத்துவிடுவான். அவள் திரும்பி வரும்போது குறட்டைதான் வரவேற்கும். ஒரே வீட்டில் இருந்தும் இரண்டு பேரும் சேர்ந்து கண் விழித்திருப்பது அந்தச் சாப்பாட்டு நேரம் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை ஒன்று மிச்சமிருந்தது. அண்ணி படிக்கச் சேர்ந்த பிறகு, சனியும் ஞாயிறும் காலையில் நடக்கும் வகுப்பு அதிலும் பாதியை எடுத்துக்கொண்டது.

நான் அதே பேக்கரியில் ரொட்டிகளுக்கு உறை போட்டு அடுக்குகிறேன். பத்தாவதோடு நின்றுவிட்டவள். பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்க வேண்டியிருக்கும் என்பதைத் தவிர எனக்கு அதன்மேல் வேறு கோபம் இல்லை. அண்ணி பாடத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கும்போது எதிரில் போய் உட்கார்ந்துகொள்வேன். அவளுக்கும் அது வசதியாக இருந்தது. "சுவர்கிட்ட பேசுறதை விட உன்கிட்ட பேசுறது மேல் குட்டி. நீ தலையாவது ஆட்டுற" என்பாள்.

முதல் வருடம்தான் இங்கே. இரண்டாம் வருடம் கடல் தாண்டி, தலைமை வளாகத்தில், முழு நேரமும் படிக்க வேண்டும். எல்லோருக்கும் அங்கே இடம் கிடைக்காது. கிடைக்காதவர்கள் ஒரு சான்றிதழோடு திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான். அண்ணிக்குக் கிடைத்துவிட்டது. அலுவலகத்திலும் ஒரு வருடம் விடுப்பு கொடுக்கச் சம்மதித்தார்கள். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ அவள் எட்டு நாளில், திங்கட்கிழமைக்குள், பதில் அனுப்ப வேண்டும்.

அந்தச் செய்தியை அச்செடுத்து வந்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்த கையைத் தாளின் மேலேயே ஊன்றிக்கொண்டு நின்றாள். விஷயத்தைச் சொன்னாள். ஒரு வருடம் என்றாள்.

"போயிட்டு வா" என்றான் அண்ணன், தலையை நிமிர்த்தாமலே. "அந்தத் தண்ணியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு."

அண்ணி தண்ணீரைத் தள்ளி வைத்தாள். பிறகு சமையலறைக்கு வந்து, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவத் தொடங்கினாள்.

"முக்குக் கடைக்குப் போறேன்னு சொன்னாக்கூட எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்பாரு. கடல் தாண்டிப் போறேங்கிறேன், தண்ணியைத் தள்ளுங்கிறாரு."

"நல்லதுதானே அண்ணி. தடுக்கலையே."

"தடுக்க வேண்டாம்டி. கொஞ்சம் தடுமாறக்கூடவா கூடாது?"

அந்த வாரம் முழுக்க அவள் சரியாக இல்லை. சனிக்கிழமை காலை வகுப்புக்குக் கிளம்பும்போது, தலையை வாரிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்: "வரலைன்னு பதில் எழுதி வெச்சிருக்கேன். இன்னும் அனுப்பல."

நான் திடுக்கிட்டுப் போனேன். படிப்பைப் பற்றிப் பேசும்போது அவள் கண் எப்படி விரியும் என்று எனக்குத் தெரியும்.

"ஏன் அண்ணி?"

"இவ்வளவு சுலபமா அனுப்பி வெக்கிற வீட்டை நம்பி எப்படிப் போறது? நான் போனதும் தண்ணியில கோடு கிழிச்ச மாதிரி மூடிக்கும். திரும்பி வந்து நின்னா, யாரு வேணும்னு கேட்பீங்க."

"நான் கேட்க மாட்டேன்" என்றேன்.

"நீ யாரைத்தான் எதைக் கேட்டிருக்க?" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஓடினாள்.

அன்று வகுப்பில் அவளுக்கு ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள். அதைச் சொல்வதற்கு முன் அவளுடைய ஆசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணியை விட வயதில் சின்னவர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஏன் சார்'. கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டால்கூட "ஏன்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வார் என்பது வகுப்பில் உலவும் கதை. அவர் கொடுத்த பயிற்சி இது: ஏதாவது ஓர் எந்திரத்தைத் தினமும் பயன்படுத்தும் ஒருவரைப் பேட்டி எடுக்க வேண்டும். அவருக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் விதிகள் இருந்தன. கேட்கிறவர் தன் கட்சியைப் பேசக் கூடாது. ஆறுதல் சொல்லக் கூடாது. "இப்படிச் செய்து பார்க்கலாமே" என்று யோசனை கொடுக்கவே கூடாது. ஏன் என்று மட்டும் கேட்கலாம். எதிராளி சொல்கிற பதில் எந்திரத்தைப் பற்றியதாக இருக்கும்வரை, ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். பதில் எப்போது எந்திரத்தை விட்டுவிட்டு அந்த ஆளைப் பற்றியதாக மாறுகிறதோ, அங்கேதான் தேவை இருக்கிறது என்று அர்த்தமாம். இத்தனையையும் மூன்றாவது ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, சொன்னது சொன்னபடி, திருத்தாமல், இருமினால் இருமலையும் சேர்த்து எழுத வேண்டும்.

அண்ணி தன்னோடு வேலை செய்யும் மேஸ்திரி ஒருவரைக் கேட்டு வைத்திருந்தாள். பெட்டிகளை வண்டியில் ஏற்றுகிற ஆட்களுக்கு அவர் தலைவர். ஞாயிற்றுக்கிழமை காலை அவருக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. மறுநாள் பயிற்சியைக் கொடுத்தாக வேண்டும். வகுப்பிலிருந்து வந்த அண்ணி கைப்பையைக்கூடக் கழற்றாமல் சமையலறை நடுவில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தாள். அவள் பார்வை எங்கள் துணி துவைக்கும் மெஷினில் போய் நின்றது.

அந்த மெஷினைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் வாங்கியது. துணியைப் பிழியத் தொடங்கினால் அடுத்த வீட்டுக் குழந்தை எழுந்துவிடும். அதிர்ந்து அதிர்ந்து இடம் மாறும். போன மாதம் சமையலறை வாசல்வரை நடந்து வந்து எட்டிப் பார்த்தது. வேறு வாங்கலாம் என்று அண்ணி கேட்காத நாளில்லை. அண்ணன் கேட்டதும் இல்லை. ரிப்பேர்காரரே, "அண்ணே, இனிமே இதுக்கு மருந்து கிடையாது, மாலைதான்" என்று கையை விரித்துவிட்டார். அண்ணன் எங்கிருந்தோ ஒரு பழைய உதிரி பாகத்தைத் தேடிப் பிடித்து வந்து தானே மாட்டினான். எங்கள் வீட்டில் நடக்கிற ஒரே உருப்படியான சண்டை அந்த மெஷினை வைத்துத்தான்.

"இன்னிக்கு உங்களைப் பேட்டி எடுக்கப் போறேன்" என்றாள் அண்ணி. "இந்த மெஷினால என்னால குடித்தனம்தான் நடத்த முடியல. பாடமாவது நடத்திக்கிறேன்."

ஞாயிறு மட்டும் மதியம் மூன்று பேரும் வீட்டில் இருப்போம். அண்ணன் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான். "போட்டோ எடுப்பாங்களா?" என்றான். சமையலறை மேஜையில் அவர்கள் இரண்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். மேஜை ஓரத்தில் வெள்ளைத்தாளோடு நான். வேகமாக எழுதுவேன், குறுக்கே பேச மாட்டேன் என்பதால் அந்த வேலைக்கு என்னை விட்டால் ஆளில்லை.

அண்ணி தொண்டையைச் செருமினாள். "பயனாளர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவும்."

"ஏன், உனக்கு என்னைத் தெரியாதா?"

"நீங்க ஏன்னு கேட்கக் கூடாது. நான்தான் கேட்கணும்."

"ஏன்?"

நான் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். "அதையும் எழுதுடி" என்றாள் அண்ணி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "சரி. இந்த மெஷினை எதுக்குப் பயன்படுத்துறீங்க?"

"துணி துவைக்க. வேற எதுக்கு, மாவு பிசையவா? பிசைஞ்சாலும் பிசையும், கெட்டிக்காரி."

"இதுக்குப் பதிலா புதுசு வேணுமா?"

"வேண்டாம்."

"ஏன்?"

"இது நல்லா ஓடுது."

அண்ணியின் உதடு துடித்தது. அந்த மெஷின் நன்றாக ஓடும் என்பது உண்மைதான், வாசல்வரை ஓடும். அதைச் சொல்லக் கூடாது என்று விதி. அவள் கஷ்டப்பட்டு விழுங்கிக்கொண்டதைப் பார்த்து அண்ணன் குஷியாகிவிட்டான். நாற்காலியில் சாய்ந்து காலை ஆட்டினான். "கேளு, கேளு. இன்னிக்கு எதிர்த்துப் பேசாம கேட்கிற. தினமும் இந்தப் படிப்பு இருந்தா நல்லா இருக்கும்."

"புதுசுல உங்களுக்கு என்ன பிடிக்கல?"

"போன வருஷம் கடைக்குப் போனோமே, அங்க ஒருத்தன் ஓட்டிக் காமிச்சான். சத்தமே இல்ல. ஓடுதா இல்லையான்னு கையை வெச்சுத்தான் பார்க்கணும்."

"சரி."

"அதான் வேண்டாம்."

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்து எழுதினேன். 'சத்தம் இல்லை. அதான் வேண்டாம்.'

"சத்தம் இல்லாதது ஏன் வேண்டாம்?"

"சத்தம் வேணும்."

"ஏன்?"

அண்ணன் காலை ஆட்டுவதை நிறுத்தினான். "என்னம்மா இது, போலீஸ் மாதிரி. பழகிப்போச்சு, அவ்வளவுதான்."

"எப்போ பழகிச்சு?"

"அது... நீ காலை ஷிஃப்ட் பார்த்துக்கிட்டிருந்தியே, அப்போ." அவன் மேஜையில் இருந்த ஒரு துணுக்கை நகத்தால் சுரண்டினான். "மதியம் நானும் வந்துருவேன், நீயும் வந்துருவ. சாப்பிட்டு நான் போய்ப் படுப்பேன். நீ இங்க துணி போடுவ. உள்ள படுத்திருந்தா இது கடகடன்னு கேட்கும். நடுவுல நீ ஏதாவது பாட்டை முணுமுணுப்ப, ராகம் ஒழுங்கா வராது. அப்படியே தூங்கிடுவேன்."

அண்ணி மேற்பார்வையாளராகி மதிய ஷிஃப்டுக்கு மாறி வெகு நாள் ஆகிவிட்டது. மதியம் அவள் கிளம்பினால் நான் பேக்கரியில் இருப்பேன். அண்ணன் மட்டும் வீட்டில் இருப்பான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாலையில் நான் வீட்டுக்கு வரும்போது கொடியில் எப்போதும் ஈரத் துண்டு தொங்கும். நேற்றுத் துவைத்த அதே துண்டு. துவைத்துத் துவைத்து அதில் ஒரு பக்கம் பார்த்தால் மறுபக்கம் தெரியும். எந்தத் துண்டு வாங்கினாலும் எங்கள் வீட்டில் இப்படி நைந்துபோகிறதே என்று அண்ணி துணிக்கடைக்காரரிடம் போய்ச் சண்டைகூடப் போட்டிருக்கிறாள்.

"இப்பவும் மதியம் மெஷினைப் போடுறீங்களா?" அண்ணியின் குரல் இறங்கியிருந்தது.

"ம்."

"தினமுமா?"

"துணி இருந்தா துணி. இல்லாட்டி அந்தத் துண்டு."

"ஏன்?"

"சொன்னேனே."

"முழுசாச் சொல்லல."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் இருப்பது அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது போல. பிறகு மெஷினைப் பார்த்தான். கடைசியில் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அது ஓடினா நீ இங்க நிக்கிற மாதிரி இருக்கும். கண்ணைத் திறக்காம படுத்திருந்தா, எழுந்து வந்து பார்த்தா நீ இருப்பேன்னு தோணும். எழுந்து வர மாட்டேன். தோணுறது போதும். இந்த வீட்டுல அந்த நேரத்துக்கு ஒரு சத்தமும் கிடையாது. தினமும் ஒரு மதியம்னா சமாளிச்சுக்கலாம். ஒரு வருஷம்னா எத்தனை துண்டு துவைக்கிறது?"

விதிப்படி நான் எழுதினேன்: 'பேச்சு இல்லை. குழாய் சொட்டுகிறது. பயனாளர் மூக்கை உறிஞ்சுகிறார்.'

அண்ணி ஆறுதல் சொல்லக் கூடாது. யோசனை சொல்லக் கூடாது. அவள் இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதில் மெஷினைத் தாண்டி எவ்வளவோ தூரம் போய்விட்டது. பேட்டி அங்கே முடிந்திருக்க வேண்டும்.

"அப்புறம் ஏன் அன்னிக்கு யோசிக்காம போன்னு சொன்னீங்க?"

"இது உங்க சார் கேட்கச் சொன்ன கேள்வியா?"

"இல்ல."

"அப்ப குட்டி எழுத வேண்டாம்."

நான் பேனாவை மூடி வைத்தேன். எழுந்து போகலாமா என்று பார்த்தேன். போகும்படி யாரும் சொல்லவில்லை, எனக்கும் கால் எழவில்லை.

"அந்தத் தாளைக் கொண்டுவந்து வெச்சியே" என்றான் அண்ணன். "வெச்ச கையை எடுக்கவே இல்ல நீ. குழந்தை பொம்மையைக் காமிக்கும், ஆனா கையில கொடுக்காதே, அந்த மாதிரி. அவ்வளவு ஆசை உனக்கு. நான் ஒரு வாய் தண்ணி குடிக்கிற நேரம் யோசிச்சிருந்தாலும் நீ 'சரி, வேண்டாம் விடுங்க'ன்னு சொல்லியிருப்ப. சொல்ல மாட்டியா?"

சொல்லியிருப்பாள் என்று எனக்கும் தெரியும்.

"எனக்கும் யோசிக்கப் பயம். யோசிச்சா போகாதேன்னு வாயில வந்துரும். அதான் சட்டுன்னு சொல்லிட்டு தண்ணியைக் கேட்டேன்."

"நான் வரலைன்னு பதில் எழுதி வெச்சிருக்கேன்."

அண்ணன் நிமிர்ந்தான். "எதுக்கு?"

"நீங்க கவலையே படலைன்னு."

"அடிப் பாவி." அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "உங்க படிப்புல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களா? ஒருத்தன் சரின்னா அது எந்தச் சரின்னு திருப்பிக் கேட்கணும்னு?"

"அதைத்தான் முதல் மாசமே சொல்லித் தந்தாங்க" என்றாள் அண்ணி. சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டன. "வகுப்புல எனக்குத்தான் அதுல முதல் மார்க். வீட்டுல கேட்கணும்னு தோணவே இல்ல. நீங்க சரின்னீங்க, நான் பச்சைன்னு போட்டுட்டேன்."

அண்ணன் எழுந்து போய்த் தண்ணீர் பிடித்து வந்து அவள் முன்னால் வைத்தான். மறுபடி உட்கார்ந்து, கைகளை மேஜை மேல் கோத்துக்கொண்டு, ஏன் சாரை ஒரு நாளும் பார்த்திராமலே ஏன் சார் போல முகத்தை வைத்துக்கொண்டான்.

"இப்ப என் முறை. நீ ஏன் போகணும்?"

"படிக்க."

"ஏன்?"

அண்ணி தண்ணீர் குவளையைச் சுற்றினாள். சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு பெட்டி காணாம போச்சு" என்றாள். "அந்த அம்மா நாலு நாள் வந்து கவுன்டர்ல நின்னாங்க. நான் எல்லாத்தையும் தேடிப் பார்த்தேன். எங்க பட்டை பச்சை. நாங்க சரியா அனுப்பிட்டோம். அடுத்த கம்பெனிக்காரங்க பட்டையும் பச்சை. அவங்ககிட்ட அந்தப் பெட்டி வரல, வந்ததையெல்லாம் ஏத்திட்டாங்க. யாரும் பொய் சொல்லல. கடைசியில நானே டார்ச் எடுத்துக்கிட்டு கீழ போனேன். எங்க பட்டை முடியற இடத்துக்கும் அவங்க பட்டை ஆரம்பிக்கிற இடத்துக்கும் நடுவுல ஒரு முழம் இடைவெளி. பெட்டி அதுக்குள்ள நழுவி, கீழ தூசியில கிடக்குது. இந்த ஒரு முழம் யாரோட பொறுப்புன்னு எங்க பெரியவர்கிட்ட கேட்டேன். சிரிச்சாரு. ரெண்டு வரைபடத்தையும் விரிச்சுக் காமிச்சாரு. எங்க படத்துலயும் அது இல்ல, அவங்க படத்துலயும் அது இல்ல."

"சரி, எடுத்துக் கொடுத்துட்டியே."

"கொடுத்துட்டேன். ஆனா அன்னியிலிருந்து எங்க பார்த்தாலும் எனக்கு அந்த ஒரு முழம்தான் தெரியுது. ஆஸ்பத்திரிக்குப் போனா ரெண்டு டிபார்ட்மென்ட்டுக்கு நடுவுல இருக்கு. ரயில் லேட்டுன்னா அதுக்குள்ளதான் எங்கயோ மாட்டியிருக்கு. மெஷினைச் செய்ய ஆயிரம் பேர் இருக்காங்க. நடுவுல இருக்கிறதை யாரும் பார்க்கிறதில்ல. அதை மட்டுமே பார்த்துக்கிட்டு, அதைப் பத்தி மட்டுமே பேசுறவங்க கொஞ்ச பேர் அங்க இருக்காங்க. நான் அவங்களோட உட்காரணும்."

"ஏன்?"

"இங்க நான் பேசினா எல்லாரும் கடிகாரத்தைப் பார்க்கிறாங்க."

"நான் பார்த்ததே இல்லையே."

"நீங்க தூங்கிடுறீங்க."

அண்ணன் சிரிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்தும், ஒரு பெட்டிக்காக அவள் டார்ச்சோடு இருட்டுக்குள் இறங்கிப் போன கதையை அவன் அன்றைக்குத்தான் கேட்கிறான் என்று அவன் முகத்தில் தெரிந்தது. எனக்குமே அது புதுக் கதை.

"போ" என்றான். இந்தத் தடவை அந்தச் சொல்லை வெளியே கொண்டுவர அவனுக்கு நேரம் பிடித்தது. "ஆனா நான் நல்லா இருப்பேன்னு நினைச்சுக்கிட்டுப் போகாத. நல்லா இருக்க மாட்டேன். தெரிஞ்சுக்கிட்டுப் போ."

"ம்."

"தினமும் நினைப்பேன். உன்னைத் திட்டுவேன்கூட."

"திட்டுங்க."

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். எழுதி வைத்திருந்த பதிலை அழித்தாள். வருகிறேன் என்று எழுத ஒரு வரி போதும் போலிருக்கிறது. எழுதிவிட்டு, அனுப்புவதற்கு முன் திரையை அண்ணன் பக்கம் திருப்பினாள். அவன் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தான். அவனுக்கு அந்த மொழி தெரியாது. படித்து முடித்தவன் போலத் தலையாட்டினான். அனுப்பினாள்.

மறுநாள் ஏன் சாரிடம் பேட்டியைக் கொடுக்கும்போது 'சத்தம் வேணும்' என்பது வரை உள்ள பக்கங்களை மட்டும் கொடுத்தாள். மதிப்பெண் பாதிதான் வந்தது. 'நல்ல தொடக்கம். ஆனால் பாதி வழியிலேயே நின்றுவிட்டீர்கள். பயனாளருக்கு ஏன் சத்தம் வேண்டும் என்பது கடைசிவரை தெரியவில்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். அண்ணன் அதை வாங்கிப் பார்த்து, "மனுஷன் கெட்டிக்காரன்தான்" என்றான்.

அவள் கிளம்ப இன்னும் சில வாரங்கள் இருந்தன. நாள் நெருங்க நெருங்க வீட்டில் ஒன்று மாறிப்போனது. நான் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரத் தொடங்கியிருந்ததால் அதைப் பார்த்தேன். அண்ணி வழக்கமாகப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். அண்ணன் சாப்பிட்டுப் படுத்ததும், வேலைக்குப் போகும் உடுப்போடு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவன் தலைமாட்டில் போய் உட்கார்வாள். அவன் தூங்கிய பிறகு எழுந்து போவாள்.

அண்ணன் அப்படி உடனே தூங்குகிற ஆள் இல்லை. ஆனால் அவள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அவன் மூச்சு சீராகிவிடும். லேசாகக் குறட்டைகூட விடுவான். அவன் உண்மையாகக் குறட்டை விட்டால் எப்படி இருக்கும் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். இது அது இல்லை. தாமதமானால் அவளுக்கு அலுவலகத்தில் சங்கடம் என்று விடுகிற குறட்டை. அண்ணிக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே, நம்பினவள் போல மெல்ல எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்வரை வெறுங்காலோடு நடப்பாள்.

கதவு சாத்தியதும் அண்ணன் கண்ணைத் திறந்துவிடுவான். படிக்கட்டில் அவள் காலடிச் சத்தம் தேய்ந்து, தெருவில் இறங்கி, பஸ் நிறுத்தத்துப் பக்கம் போய், மற்ற சத்தங்களோடு கலக்கிறவரை அப்படியே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான்.

"தண்ணி வேணுமாண்ணா?" என்று ஒரு நாள் கதவோரம் நின்று கேட்டேன்.

"உஷ்" என்றான். "இன்னும் பஸ் கிளம்பல."